வன்னியில் வாய்க்கால் கட்டோரமாகச் சைக்கிளில் மூன்று நாள்

கனடாவில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "போன கோடையில் அமெரிக்காவின் செசபீக்–ஒகாயோ கால்வாய்ப் பாதையில் கம்பர்லாந்திலிருந்து வாசிங்டன் வரை சைக்கிள் ஓடினேன். ஐந்து நாள். அப்பாவின் ஊர் இலங்கையின் வடக்கே, வன்னியில் கிளிநொச்சிப் பக்கம். அங்கேயும் பெரிய வாய்க்கால்கள் இருக்கின்றன, கட்டில் பாதையும் இருக்கிறது என்கிறார். வன்னியில் அப்படி ஒரு நீண்ட ஓட்டம் ஓடலாமா? எந்த மாதம் வருவது, என் சைக்கிளைக் கொண்டு வரவா, பன்னிரண்டு வயது மகளையும் கூட்டி வரலாமா?"

ஓடலாம். ஆனால் ஒரே வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. குளத்துக்குக் குளம் தாவித்தான் ஓட வேண்டும். நான் வட்டக்கச்சியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் போனது, மாடு தேடிப் போனது, நீச்சல் பழகியது எல்லாம் இரணைமடுக் குளத்தின் வலதுகரை வாய்க்காலோடுதான். கீழே சொல்லப்போகும் சுற்றை மூன்று தரம் ஓடியிருக்கிறேன். ஒரு தரம் சரியான மாதத்தில், இரண்டு தரம் பிழையான மாதத்தில். பிழையான இரண்டிலும்தான் கூடப் படித்தேன்.

முதலில் அந்த அமெரிக்கப் பாதைக்கும் எங்கள் வாய்க்காலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அது வள்ளம் போவதற்கு வெட்டிய கால்வாய். 1828 இல் தொடங்கி 1850 இல் கம்பர்லாந்தைத் தொட்டது. 184.5 மைல் நீளம், 605 அடி ஏற்றம், அதைச் சமாளிக்க, வள்ளத்தைத் தண்ணியோடு ஏற்றி இறக்கும் 74 நீர்ப்பூட்டுகள். நீங்கள் ஓடிய பாதை, கோவேறு கழுதைகள் கயிறு கட்டி வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடந்த தடம். ஊரையும் ஊரையும் இணைக்கத்தான் அதை வெட்டினார்கள், அதனால் தடம் எங்கும் அறாமல் போகிறது. 1924 வெள்ளத்தோடு வள்ளப் போக்குவரத்து நின்றது. பிறகு அதன்மேல் கார் றோட்டுப் போடப் பார்த்தார்கள். 1954 இல் வில்லியம் டக்ளஸ் என்ற உச்சநீதிமன்ற நீதியரசர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு முழுத் தூரமும் நடந்து எதிர்ப்புக் காட்டினார். 1971 இல் அது தேசியப் பூங்காவானது. கால்வாய்க்கு வேலை இல்லாமல் போன பிறகுதான் சைக்கிள்காரருக்கு அந்தத் தடம் கிடைத்தது.

எங்கள் வாய்க்காலுக்கு இன்றும் வேலை இருக்கிறது. வன்னியில் யாரும் கால்வாய் என்று சொல்வதும் இல்லை, வாய்க்கால்தான். குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணி கொண்டுபோவது மட்டுமே அதன் தொழில். தலைப்பக்கத்தில் ஆள் தாழக்கூடிய ஆழத்தில் புறப்படும். தண்ணி திறந்துவிடும் கதவான ஒவ்வொரு துருசிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து மெலிந்து, கடைசியில் யாரோ ஒருவரின் வரப்பில் காணாமல் போய்விடும். கட்டும் அப்படித்தான். முதல் ஐந்து கிலோமீற்றர் உழவு இயந்திரம் போகிற அகலம், பிறகு இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் போகிற அகலம், பிறகு ஒற்றையடி, பிறகு மாடு கட்டியிருக்கும். வரைபடத்தில் நீலக்கோடு ஓடுகிறது என்று நம்பிப் போனால் ஒரு எருமையைச் சந்தித்துத் திரும்பி வர வேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதில்லை. வன்னியின் பெரிய ஆறுகள் மூன்று வவுனியாப் பக்கத்து மேட்டு நிலத்தில் பிறந்து மூன்று திசைக்குப் பிரிகின்றன. கனகராயன் ஆறு வடக்கே வந்து இரணைமடுவை நிரப்பி, மிச்சம் சுண்டிக்குளம் கடலேரிக்குப் போகும். பேராறு வடகிழக்கே முத்தையன்கட்டை நிரப்பி நந்திக்கடலுக்குப் போகும். பாலியாறு வடமேற்கே வவுனிக்குளத்தை நிரப்பிப் பாக்குநீரிணைக்குப் போகும். வாய்க்கால் மேட்டைத் தாண்டாது. ஆகவே ஒரு குளத்தின் வாய்க்காலும் இன்னொரு குளத்தின் வாய்க்காலும் ஒருநாளும் கைகோக்கா. இடையில் காட்டு றோட்டுத்தான். அந்த மேட்டை நீங்கள் காலில் உணரமாட்டீர்கள், அவ்வளவு தட்டை. ஆனால் மழை பெய்தால் தண்ணிக்குத் தெரியும்.

இந்த மூன்று ஆற்றையும் ஒரு வளையமாகக் கோத்தால் வடிவான சுற்று ஒன்று வரும். கிளிநொச்சியில் தொடங்கி இரணைமடு, வட்டக்கச்சி, இராமநாதபுரம், கல்மடுப் பக்கமாகத் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. அங்கிருந்து ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, மாங்குளம். பிறகு மல்லாவி, வவுனிக்குளம், துணுக்காய், கோட்டைகட்டியகுளம், அக்கராயன், திரும்பக் கிளிநொச்சி. கட்டுகளில் ஏறி இறங்கும் சுற்றுவழிகளையும் சேர்த்தால் 170 கிலோமீற்றருக்கும் 200க்கும் இடையில் வரும். மூன்று நாள் ஆறுதலாகக் காணும். உங்கள் ஐந்து நாள் ஓட்டத்தோடு பார்த்தால் தூரம் சின்னது. வெயிலையும் மண்ணையும் கூட்டினால் சமன்.

கிழக்கே தொடங்கி மேற்கால் திரும்பி வரச் சொல்வதற்குக் காரணம் காற்று. வைகாசி பிறந்தால் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் அடங்கியிருந்து பத்து மணிக்குமேல் எழும்பும், ஆனி ஆடியில் வெட்டைவெளியில் சைக்கிளை நிறுத்தியே விடும். இந்தத் திசையில் சுற்றினால் எதிர்க்காற்று அதிகம் இரண்டாம் நாள்தான். அந்த நாளில் இரண்டு பக்கமும் காடு மறைக்கும். மூன்றாம் நாள் துணுக்காயிலிருந்து வடக்கே ஏறும்போது காற்று முதுகில் இருக்கும். நான் முதல்தரம் மறுபக்கமாகச் சுற்றினேன். துணுக்காய்க்குப் போகும் வழியில் முன்னால் நடந்துபோன ஒரு அம்மாவை என்னால் முந்த முடியவில்லை. அவ தலையில் விறகும் வைத்திருந்தா.

மாதம் பற்றி. இங்கே நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், குளத்தில் தண்ணி எத்தனை அடி நிற்கிறது என்று பாருங்கள். கிளிநொச்சியில் தேத்தண்ணிக் கடையில் இருந்தால் யாராவது ஒருவர் "குளம் இப்ப எத்தினை அடி?" என்று கேட்பார், மற்றவர் பத்திரிகை பார்க்காமலே சொல்வார். இரணைமடுவின் முழு அளவு 36 அடி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரி. அந்த நேரம் வரவேண்டாம். கட்டு முழுக்கச் சேறு, காட்டாறுகள் மதகுக்கு மேலால் பாயும். 2018 மார்கழி 21, 22 இல் ஒரே இரவில் பெய்த மழைக்குக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் என்ன பாடுபட்டன என்று அப்பாவிடம் கேளுங்கள். வான்கதவு திறக்கும் நாளில் ஆற்றோரத்தில் சைக்கிளோடு நிற்கிற ஆசையே வேண்டாம்.

தை, மாசி, பங்குனியில், மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல்லின் அறுவடை. ஓடலாம், ஆனால் வாய்க்காலில் தண்ணி இராது, கட்டில் புல் முழங்காலளவு நிற்கும். பங்குனி கடைசியில் அல்லது சித்திரையில், குளத்தில் எத்தனை அடி மிச்சம் என்று பார்த்து, கோடையில் குளத்துத் தண்ணியில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அரசாங்க அதிபர் தலைமையில் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி முடிவெடுப்பார்கள். அதற்குப் பிறகு வாய்க்கால் துப்புரவாக்குவார்கள். புல் செதுக்கி, பற்றை வெட்டி, உடைந்த இடத்துக்கு மண் போட்டு, கட்டு முகம் வழித்த பிள்ளை மாதிரி இருக்கும். தண்ணியும் வந்துவிடும். அந்தச் சித்திரை நடுவிலிருந்து ஆனி வரைதான் நான் சொல்லும் மாதம். வெயில் கடுமை, உண்மை. ஆனால் ஒருபக்கம் ஓடும் தண்ணி, மறுபக்கம் பச்சை வயல், நடுவில் உங்கள் சைக்கிள். போதாததற்கு வைகாசி ஆனியில் பாலைப்பழமும் வரும். ஏ9 என்கிற யாழ்ப்பாணம்–கண்டி றோட்டு ஓரத்தில் பிள்ளைகள் விற்பார்கள். நாலு பழம் தின்றால் உதடு இரண்டும் பசை மாதிரி ஒட்டும், பேச்சு நின்றுவிடும். மகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

முதல் நாள் விடிய ஐந்தரைக்குக் கிளிநொச்சியில் இறங்கிவிடுங்கள். ஏ9 ஆல் கொஞ்சத் தூரம் தெற்கே வந்து கிழக்கே திரும்பினால் இரணைமடு. வெள்ளைக்காரர் காலத்தில் 1902 இல் வேலை தொடங்கி 1920 அளவில் முடித்த குளம், பிறகு பலதரம் கட்டு உயர்த்தியது. இரணை என்றால் இரட்டை. காட்டுக்குள் இரண்டு மடுவாகக் கிடந்ததைச் சேர்த்துக் கட்டியதால் அந்தப் பேர் என்பார்கள். கட்டடியில் கனகாம்பிகை அம்மன் கோவில். அங்கே நின்று பார்த்தால் தென்பக்கம் கரை தெரியாது. விடியப்புறம் மீன்பிடிக்கிற ஆட்கள் சின்ன வள்ளத்தில் வலை எடுத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் யப்பான் மீன் (திலாப்பியா), இடைக்கிடை ஒரு விரால்.

இங்கிருந்து இரண்டு வாய்க்கால். இடதுகரை வாய்க்கால் ஏ9 இன் மேற்கே கனகபுரம், உருத்திரபுரம் பக்கத்து வயல்களுக்குப் போகும். 1936 இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றித்தான் கிளிநொச்சி ஊரானது. காணி கொடுத்தது இந்தத் தண்ணியை நம்பித்தான். நாங்கள் பிடிப்பது வலதுகரையை. வட்டக்கச்சி, இராமநாதபுரம், அப்பால் முரசுமோட்டை வயல்கள் எல்லாம் இதன் பிள்ளைகள்.

பெரிய வாய்க்காலின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் வழி பிழைக்காது. அது வயலைவிட உயரத்தில், நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். ஆகவே மேடு ஒருபக்கம், வயல் மறுபக்கம். வயல் பக்கத்துக் கட்டுத்தான் அகலம். வண்டி போவதும் அதால்தான். மேட்டுப் பக்கக் கரையில் ஏறாதீர்கள், பாதி வழியில் பற்றைக்குள் விட்டுவிடும். பிரதான வாய்க்கால் நிற்கும்வரை உழக்குவதே தெரியாது, அவ்வளவு மட்டம். கிளை வாய்க்காலில் இறங்கினால் சரிவு தெரியும், சைக்கிள் தானாக ஓடும். அந்தச் சுகத்துக்கு மயங்கி இறங்கினால் திரும்பி ஏற வேண்டும். துருசடியில் எப்போதும் கட்டு கொஞ்சம் உயர்ந்து, கொங்கிறீற்று மேடை ஒன்று இருக்கும். அதில் இரும்புச் சக்கரத்தோடு கதவு. அந்தச் சக்கரத்தில் சாய்ந்து படம் எடுக்கலாம், திருப்பிப் பார்க்கக்கூடாது. ஒரு துருசு கால் மணித்தியாலம் கூடத் திறந்திருந்தால் கடைப்பக்கத்துக் கமக்காரனுக்கு அன்றைய முறைத்தண்ணி குறையும். வன்னியில் தண்ணிச் சண்டை சின்ன விசயமில்லை.

வாய்க்காலுக்குக் கொங்கிறீற்று போட்ட இடங்களில் கவனம். மண் வாய்க்காலில் விழுந்தால் வேரைப் பிடித்து ஏறலாம். கொங்கிறீற்றுச் சரிவில் பாசி பிடித்திருக்கும், தண்ணி ஓடிக்கொண்டும் இருக்கும், பிடிக்க ஒன்றும் இல்லை. குளிக்கிற படிகள் இடைக்கிடை இருக்கும், விழுந்தால் எதிர்த்து நீந்தாமல் அடுத்த படிவரை ஓட்டத்தோடு போவதுதான் வழி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இராமநாதபுரம் தாண்டியதும் வாய்க்காலை விட்டுக் கிறவல் றோட்டால் கல்மடுப் பக்கமாகத் தர்மபுரத்துக்கு ஏறுங்கள். அங்கே பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 கிடைக்கும். என் இரண்டாவது பிழையான மாதம் இங்கேதான் நடந்தது. புரட்டாதிக் கடைசி. முதல் மழை இரவு பெய்திருந்தது, "ஒரு மழைதானே" என்று நினைத்தேன். வெயில் காய்ந்த களிமண்ணில் ஒரு மழை விழுந்தால் அது மண் இல்லை, மா. ஐம்பது மீற்றர் போகவில்லை, மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் அடைந்து சில் சுற்ற மறுத்துவிட்டது. தடியால் தோண்டினேன், பத்து மீற்றர் போனேன், திரும்பத் தோண்டினேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது, சைக்கிள் இரண்டு மடங்கு பாரம். மண்வெட்டியோடு வந்த ஒரு ஐயா நின்று பார்த்தார்.

"எங்க தம்பி போறியள்?"

"புதுக்குடியிருப்புக்கு, ஐயா."

"இண்டைக்கோ?"

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. குறடு ஒன்று கொண்டுவந்து மட்காட் இரண்டையும் கழற்றிக் கரியலில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு முதுகெல்லாம் சேறு, ஆனால் சில் சுற்றியது. அன்றிலிருந்து மழை மணக்கும் மாதத்தில் மட்காட் இல்லாமல்தான் ஓடுகிறேன். உங்கள் சைக்கிளில் மட்காட் ரயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

விசுவமடு, உடையார்கட்டு தாண்டிப் புதுக்குடியிருப்பு. ஏ35 நல்ல காப்பெற் றோட்டு, ஓரம் பிடித்து ஓடுங்கள், பஸ்காரர் யாருக்கும் பொறுக்கமாட்டார்கள். 2009 இல் மக்கள் நடந்த றோட்டு இது. ஊர்ச்சனம் தாங்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிண்ட வேண்டாம்.

இரண்டாம் நாள் புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு. தான்தோன்றீஸ்வரர் கோவிலடியில் இளைப்பாறிவிட்டு முத்தையன்கட்டுக்கு ஏறுங்கள். இங்கே இடதுகரை, வலதுகரை என்பது வாய்க்காலின் பேர் மட்டுமில்லை, ஊரின் பேரும் அதுதான். "எவடம்?" என்றால் "வலதுகரை" என்பார்கள். இரணைமடு மாதிரிப் பரந்த வெளி இல்லை. காடு வந்து குளத்தை முட்டும். மருதமரங்கள் வாய்க்காலின்மேல் கவிந்து, வெட்டைவெளியில் காய்ந்து வந்தவனுக்கு அந்த நிழல் ஐஸ் தண்ணி குடித்த மாதிரி. மூன்று நாளிலும் எனக்குப் பிடித்த கட்டு இதுதான்.

ஆனால் யானையின் கட்டும் இதுதான். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரும் ஏ34 முழுக்க அப்படி. பின்னேரம் நாலரைக்குமேல் அந்த றோட்டில் சைக்கிளில் இருக்கக்கூடாது, விடிய ஆறரைக்கு முதலும் கூடாது. கட்டில் லத்தி கிடந்தால் இறங்கிப் பாருங்கள். மேலே காய்ந்து ஓட்டைபோட்டு வண்டுகள் இருந்தால் நேற்றையது. ஈரமாக மினுங்கி, ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தால் ஆள் பக்கத்தில்தான், வந்த வழியே திரும்புங்கள். மணி அடிக்கிறது, கத்துகிறது எல்லாம் வேண்டாம். யானை நின்றால் நீங்களும் தூரத்தில் நில்லுங்கள், பின்னால் வரும் உழவு இயந்திரத்தோடு சேர்ந்து போங்கள். நான் ஒருதரம் முக்கால் மணித்தியாலம் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு மோட்டார்சைக்கிள், ஒரு ஐஸ்கிறீம் வான். வான்காரர் பாட்டை நிறுத்திவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு ஐஸ்பழம் விற்றார்.

இரவு மாங்குளம். கூடாரம் அடிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். குளக்கட்டில் யானையும் முதலையும் வரும், பொலிசும் வந்து கேள்வி கேட்கும். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் தங்குமிடங்கள் உண்டு. புதுக்குடியிருப்பில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மாங்குளத்தில் புகையிரத நிலையமும் இருப்பதால், மூன்றாம் நாள் ஏலாது என்றால் சைக்கிளைப் பொதிப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடலாம். இந்தப் பாதை போரில் அழிந்து கிடந்து 2013 இல்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது.

மூன்றாம் நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாங்குளத்திலிருந்து மல்லாவிக்கு நேர் றோட்டு, மல்லாவிக்குத் தெற்கே வவுனிக்குளம். பழைய குளம், காடாகிக் கிடந்ததை 1950களில் திருத்திக் குடியேற்றம் செய்தார்கள். கட்டு நீளமானது, காலையில் மயில் நிறைய நிற்கும். துணுக்காயால் வடக்கே ஏறி, கோட்டைகட்டியகுளம், அம்பலப்பெருமாள்குளம் தாண்டி அக்கராயன். இந்தத் துண்டில் கடை குறைவு, மல்லாவியிலேயே தண்ணியும் வாழைப்பழமும் கட்டிக்கொள்ளுங்கள். அக்கராயனிலிருந்து நேரே கிளிநொச்சிக்கும் போகலாம், முறிகண்டிக்கு வந்து ஏ9 ஆலும் போகலாம். முறிகண்டியால் வாருங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் அந்த வழியால் போனவர்கள் யார்?

சைக்கிள். உங்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றலாம், ஆனால் மெல்லிய ரயரும் ஒல்லி வால்வும் என்றால் வேண்டாம். அந்த வால்வுக்குக் காற்றடிக்கிற பம் முல்லைத்தீவு மாவட்டத்தில் எந்தக் கடையில் இருக்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அந்த அளவு ரியூப்பும் கிடைக்காது. இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட அகலமான ரயர் போட்ட மவுண்டன் சைக்கிள் நல்லது. இல்லாவிட்டால் கிளிநொச்சியில் ஒரு லுமாலா சைக்கிள் வாங்குங்கள். முடிந்ததும் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம், நான் அதைத்தான் சொல்வேன். கியர் தேவையில்லை, இங்கே மேடே இல்லை.

தொல்லை முள்ளுத்தான். புல் செதுக்கிய கட்டில் நெருஞ்சியும் உடைமுள்ளும் உதிர்ந்து கிடக்கும். நெருஞ்சி சின்னது, உள்ளே போனதே தெரியாது, அரை மணித்தியாலம் கழித்துத்தான் பின்சில் ஆடும். ரியூப்பை ஒட்டிவிட்டு அவசரத்தில் பூட்டாதீர்கள். ரயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே முள்ளின் நுனி நிற்கும். விரலால் தேடினால் விரல் கிழியும். மேலதிக ரியூப் இரண்டு, ஒட்டுகிற சாமான், கைப்பம், ஒரு சின்னக் குறடு, இவ்வளவும் போதும். மிச்சத்துக்கு ஒவ்வொரு சந்தியிலும் சைக்கிள் கடை உண்டு. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் வன்னி முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, தேங்காய், கருவாடு, நோயாளி எல்லாம் கரியலில். அந்தக் காலத்துச் சைக்கிள்காரர்கள் இன்றும் கடை வைத்திருக்கிறார்கள். வளைந்த ரிம்மைக் கண்ணால் பார்த்தே எந்தக் கம்பி இளகியது என்று சொல்வார்கள்.

குடிதண்ணியை எந்தக் கிணற்றிலும் அள்ளிக் குடிக்காதீர்கள். பல இடங்களில் கிணற்றுத் தண்ணி கல்தன்மை, சிறுநீரக வருத்தத்தின் பயமும் இருக்கிறது. அதனால் ஊர்களில் சுத்திகரித்த தண்ணி விற்கும் இடங்கள் வந்துவிட்டன. போத்தலை அங்கே நிரப்புங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றருக்குக் குறையக்கூடாது. பதினொரு மணிக்கு நிறுத்தி, மரத்தடியோ கோவில் மடமோ பார்த்துச் சரிந்து, மூன்று மணிக்குப் பிறகு எழும்புங்கள்.

கட்டையும் றோட்டையும் விட்டு இறங்கிக் காட்டுக்குள் குறுக்குவழி தேடக்கூடாது. இதை மட்டும் பகிடியாக எடுக்க வேண்டாம். கமக்காரர் தினமும் நடக்கும் கட்டில் பயமில்லை, மிதிவெடி அகற்றிய இடங்கள்தான். ஆனால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடமும் இன்னும் உண்டு. பலகை விழுந்து கிடக்கும் இடமும் இருக்கலாம். மலசலம் கழிக்க என்றாலும் பற்றைக்குள் போகாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் தொடாதீர்கள். முகாம் வேலியடியில் படம் எடுக்கவும் வேண்டாம்.

நெல் காயப்போட்டிருந்தால் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். கட்டு நிறைய நெல் பரவி, ஒரு கரை கூட விடாமல் போட்டிருந்தால் காவல் இருக்கிற அக்காவிடம் "அக்கா, இதால போகலாமோ?" என்று கேளுங்கள். அவ எழும்பி வந்து காலாலேயே நெல்லை ஒதுக்கி வழி விடுவா, பெரும்பாலும் மோரும் தருவா.

மகள். முழுச் சுற்றுக்கு அவளைக் கூட்டி வராதீர்கள். தூரத்துக்காக இல்லை, இரண்டாம் நாள் றோட்டுக்காகச் சொல்கிறேன். அவளுக்கு முதல் நாளின் காலைப்பகுதி போதும். இரணைமடுக் கட்டிலிருந்து வலதுகரை வாய்க்காலால் வட்டக்கச்சி வரை, ஆறு மணிக்குத் தொடங்கினால் நின்று நின்று வந்தாலும் ஒன்பதுக்கு முடியும். வாகனம் அனேகமாக வராது, மேடு இல்லை, வழி பிழைக்க ஒன்றும் இல்லை. இடையில் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிற படி ஒன்று வரும். தண்ணி விட்டிருக்கும் நாளென்றால் அவர்கள் மேல்படியில் குதித்து ஓட்டத்தோடு போய், கீழ்ப்படியில் ஏறி, கட்டால் ஓடிவந்து திரும்பக் குதிப்பார்கள். அவளும் குதிக்கக் கேட்பாள். நீந்தத் தெரிந்தாலும் முதல் நாள் கீழ்ப்படியில் நீங்கள் இறங்கி இடுப்பளவு தண்ணியில் நில்லுங்கள். மாற்றுடுப்பு ஒன்றும் துவாய் ஒன்றும் கரியலில் இருக்கட்டும்.